பத்து வீசைத் தேங்காய்

"ஒரு வீசைக்கு எத்தனை சாத்தா?" என்று கேட்டேன். கேள்வி முடியுமுன்பே "நூறு!" என்றான். "ஒரு முழத்துக்கு எத்தனை சாண்?" "இரண்டு!" "ஒரு அடிக்கு?" "பன்னிரண்டு அங்குலம்!" வீசையும் சாத்தாவும் பர்மாவில் எடை அளவுகள். பையன் மூன்றாம் வகுப்பு முடித்தவன். பர்மியப் பள்ளியில் வாய்விட்டுக் கத்திப் படித்த பாடம், கிளிப்பிள்ளை தோற்கும். சரி என்று அர்ச்சனைத் தட்டில் இருந்த உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தேன். "இது எவ்வளவு இருக்கும்?"

கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்: "பத்து வீசை."

பத்து வீசை என்றால் பதினாறு கிலோவுக்கு மேல். நான் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் உளுந்து மூட்டைகளுக்கு எடை போட்டவன் நான். எடை விஷயத்தில் எனக்குச் சட்டென்று சிரிப்பு வராது. அவனை மடப்பள்ளிக்கு அழைத்துப் போனேன். அன்னதானத்துக்கு வாங்கிய அரிசி அங்கே பத்து வீசைப் பையில் கட்டியிருந்தது. "தூக்கு" என்றேன். கட்டிப்பிடித்தான், முகம் சிவந்தது, பை தரையை விட்டு நாலு விரல் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. திரும்பி வந்து தேங்காயைக் கையில் எடுத்தவன் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். "சயா தாத்தா, இது ஒரு வீசைகூட இருக்காது போலிருக்கிறதே!"

'சயா' என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். எனக்குப் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஆகவே இந்தப் பெயரை முதலில் மறுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் சயாவையும் விடவில்லை, தாத்தாவையும் விடவில்லை, இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். இங்கே பள்ளிக்கூடங்களுக்கு மார்ச் முதல் மே வரை கோடை விடுமுறை. அந்த மூன்று மாதமும் யாங்கோனில் எங்கள் அம்மன் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். அ, ஆ சொல்லிக்கொடுக்க இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுப்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "ஏதாவது கதை சொல்லுங்கள் ஐயா" என்றார்கள். எனக்குக் கதை வராது. தராசு வரும்.

பயின்னாங் மொத்தச் சந்தையில் பருப்பு, உளுந்துக் கிட்டங்கி ஒன்றில் எடைக்காரனாக இருந்தேன். நான் சேர்ந்தபோது அங்கே ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார், அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். தராசுத் தட்டில் மூட்டை ஏறியதும், முள் அசைந்து நிற்பதற்குள் நான் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். அரை வீசைக்குமேல் தப்பினால் அன்றைய டீக்காசு என்னுடையது. முதல் மூன்று மாதம் அந்தக் கிட்டங்கிக்கே நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு கைக்கே கணக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் நான் வைத்த ஒரே சட்டமும் அதுதான்: முதலில் கையில் வாங்கு, எண்ணைச் சொல், சிலேட்டில் எழுது, அப்புறம்தான் தராசு. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பான எண் சரியான எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த பொருளுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும்.

இந்த வீசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பர்மியர் இதைப் பெய்த்தா என்பார்கள். ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதி வைத்தார்கள்; அது நம் வீசைதான். ஆனால் பெயர் ஒன்றே தவிர எடை ஒன்றல்ல. சென்னைப் பட்டணத்து வீசை நாற்பது பலம், ஏறக்குறைய 1.4 கிலோ. இங்குள்ள வீசை நூறு சாத்தா, 1.633 கிலோ. ஊரிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் தாத்தாவுக்கு இந்த வித்தியாசம் புரியச் சில மாதங்கள் ஆனதாம். அதுவரை பர்மாக்காரன் தாராள மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். சாத்தா என்பது பதினாறு கிராமுக்குக் கொஞ்சம் கூட. நாணயத்தின் பெயரான கியாட்டும் அதே சொல்தான்; அந்தக் காலத்தில் பணமாகக் கொடுத்த வெள்ளியை நிறுத்த எடை அது. எழுதும்போது கியாட், சொல்லும்போது சாட். தமிழிலும் இப்படி ஒரு நூறு சொல் இருக்கிறது, நாம் சிரிக்க முடியாது.

மெட்ரிக் முறைக்கு மாறப்போவதாக வணிக அமைச்சகம் 2013இல் அறிவித்தது. பெட்ரோல் லிட்டருக்கு வந்துவிட்டது. பிஸ்கட் பொட்டலத்தில் கிராம் போட்டிருக்கிறது. சந்தையில் வெங்காயம் வீசையில்தான், துணி கெஜத்தில்தான், சாலையில் தூரம் மைலில்தான். ஆக, எங்கள் பிள்ளைகள் தமிழ் வீசை, பர்மிய வீசை, கிலோ, பவுண்டு எல்லாவற்றையும் ஒரே நாக்கில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். மனப்பாடத்தில் எல்லாம் இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லை. தேங்காய் பத்து வீசையாக ஆனது அதனால்தான். 2017 ஜூனில் ஜப்பானிய உதவியோடு ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தது. பேரனுடையதை வாங்கிப் பார்த்தேன், படங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் படத்தில் இருக்கும் தர்பூசணி கனக்காது.

எடையைவிடப் படி அளவில்தான் அதிக வேடிக்கை. இங்கே அரிசியைச் சில்லறையாக அளப்பது காலிப் பால் டப்பாவில். கட்டிப்பால் வரும் அதே டப்பா, நோசிபூ என்பார்கள். எட்டு நோசிபூ ஒரு பியீ, பதினாறு பியீ ஒரு தின். டீக்கடையில் கேட்டால் எத்தனை டப்பா வேண்டுமானாலும் கிடைக்கும். பிள்ளைக்கு ஒன்று கொடுத்து, ஒரு அண்டா அரிசியை நடுவில் வைத்து, "ஆளுக்கு ஒரு பியீ அளந்து பையில் போடுங்கள்" என்றேன். அளந்தார்கள். பிறகு தராசில் போட்டால் ஒரு பைக்கும் இன்னொரு பைக்கும் பத்துப் பன்னிரண்டு சாத்தா வித்தியாசம். உடனே சண்டை. "நீ திருடினாய்", "நீ எண்ணத் தெரியாதவன்". நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கும் ஆசிரியர் பாடத்தைக் கெடுப்பவர் என்பது என் கட்சி.

அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒருத்தி குவித்து அளந்திருந்தாள், ஒருத்தன் தலைதட்டி அளந்திருந்தான். ஒருத்தன் டப்பாவைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பியிருந்தான். தட்டினால் அரிசி கீழிறங்கி இன்னும் ஒரு பிடி கொள்கிறது. இதெல்லாம் தீர்ந்து, எல்லோரும் தலைதட்டித்தான் அளப்பது என்று முடிவானபிறகும் ஒரு பை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இரட்டைச்சடைக்காரப் பெண் ஒருத்தி அந்த டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துக் கத்தினாள். அடிப்பாகம் உள்ளுக்குள் குழிந்திருந்தது. அது நான் சுத்தியலால் தட்டி வைத்த டப்பா. சந்தையில் மிகப் பழைய வித்தை அது. வாங்குகிறவர் மேல்விளிம்பைத்தான் பார்ப்பார், அடியைப் பார்ப்பதில்லை. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா கோயில் வாசலில் என்னைப் பிடித்தார். மகள் அரிசிக்கடையில் போய்ப் படியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னாளாம். கடைக்காரர் பழக்கமானவராம். மானம் போயிற்றாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு அரிசிகூட வேண்டாம், தண்ணீர் போதும். ஐந்தரை வயதுக் குட்டி ஒன்று, அண்ணனுக்குத் துணையாக வரும். ஒரு டப்பாத் தண்ணீரை அகலக் கிண்ணத்தில் ஊற்றினேன், இன்னொரு டப்பாவை ஒல்லி பாட்டிலில் ஊற்றினேன். எதில் அதிகம்? "பாட்டிலில்." ஏன்? "உயரமாக இருக்கிறதே." இரண்டையும் திரும்ப டப்பாக்களில் ஊற்றிக் காட்டினேன். "இப்போது சமம்." மறுபடி பாட்டிலில் ஊற்றினேன். "மறுபடி இதில் அதிகமாகிவிட்டது." நான் தந்திரம் செய்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்திருக்கிறார். ஏறக்குறைய ஏழு வயதுவரை உயரம்தான் அவர்கள் கண்ணை இழுக்கிறது என்கிறார். வாதாடிப் பயனில்லை. நான் அந்தக் குட்டியிடம் டப்பாவையும் பாட்டிலையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தது. பாவாடை முழுக்க நனைந்தது. என்ன முடிவுக்கு வந்தது என்று என்னிடம் சொல்லவில்லை.

நீளத்துக்கு வருகிறேன். இதில் எனக்கே ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு பாகம் என்று பாட்டி சொன்ன வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பையன் எழுந்து பக்கத்தில் பர்மிய மொழியில் எழுதினான்: பன்னிரண்டு லெத்திட் ஒரு த்வா, இரண்டு த்வா ஒரு தாங், நான்கு தாங் ஒரு லான். எண்கள் அப்படியே ஒத்துப்போயின. யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். விரலும் கையும் எல்லோருக்கும் ஒன்றுதானே.

ஒன்றுதானா? கோயில் வாசலில் பூக்காரம்மா இருக்கிறார், நாலரை அடி உயரம். அவர் முழங்கையும் அதற்கேற்ற முழங்கைதான். ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து பிள்ளைகள் முன் நீட்டினேன். மண்டபத்துக் காவல்காரர் நெட்டையான ஆள். அவர் அளந்தபோது அந்தப் பூ முக்கால் முழமாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் அளந்தபோது ஒன்றேகாலும் வந்தது, ஒன்றரையும் வந்தது. "அப்படியானால் பூ வாங்க இந்த மாமாவை அனுப்பினால் லாபமா?" என்று ஒருத்தன் கேட்டான். "அளப்பது பூக்காரம்மா கை, மாமா கை இல்லை" என்றாள் இரட்டைச்சடை. அந்த இடத்தில்தான் நான் பையிலிருந்து அடிக்கோலை எடுத்தேன். அதற்கு முன்னால் எடுத்திருந்தால், அது அவர்களுக்கு வெறும் கோடுபோட்ட குச்சி.

அடிக்கோலில் இன்னொரு தொல்லை இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் அளக்கும் பொருளின் முனையை 1 என்ற எண்ணில் வைக்கிறார்கள். எண்ணுவதை ஒன்றிலிருந்துதானே தொடங்குவோம், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கோடுகளை எண்ணுகிறார்கள், கோடுகளுக்கு இடையில் இருக்கும் இடத்தைத்தான் எண்ணுகிறோம் என்பது தெரிவதில்லை. இதற்கு நான் வைத்திருக்கும் மருந்து, முதல் மூன்று அங்குலம் உடைந்துபோன ஒரு அடிக்கோல். அதில் பென்சில் 3இல் தொடங்கி 8இல் முடியும். "எட்டு அங்குலம்" என்பார்கள். தீப்பெட்டித் துண்டுகளை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டி அடுக்கச் சொல்வேன். ஐந்துதான் கொள்ளும். முகம் மாறும்.

அந்த முகம் ஒருகாலத்தில் என்னுடையது. கிட்டங்கியில் சேர்ந்து இரண்டாவது வருடம். முற்றத்தில் அடுக்கிய உளுந்து மூட்டைகளுக்கு மழைக்கு முன் தார்ப்பாய் வாங்க வேண்டும். அடுக்கை நல்ல டேப்பால் அளந்தேன், 24 அடி. கடைக்குப் போகும்போது அவசரத்தில் பழைய டேப்பை எடுத்துப் போய்விட்டேன். அதன் முதல் ஒரு அடி எப்போதோ கிழிந்து போயிருந்தது. அது எனக்குத் தெரியும், இருந்தும் கடையில் மறந்துவிட்டேன். துணியில் 24 என்று படித்து வெட்டச் சொன்னேன். வாங்கியது 23 அடி. அடுக்கின் ஒரு ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்கு வானம் தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஜூனில் மழை பிடித்தபிறகு மூட்டையைப் பிரித்தால் ஏழு மூட்டை உளுந்து முளைவிட்டிருந்தது. என் சம்பளத்தில் எத்தனை மாதம் பிடித்தார்கள் என்பதை விட்டுவிடுவோம். பூஜ்யத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை நான் அவ்வளவு பணம் கட்டிப் படித்தவன்.

வடிவங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனிக்குணம். வட்டம் கைவந்த கலை. பர்மிய எழுத்து முழுக்க வட்டங்கள். 'வ' எழுத்தும் வட்டம், பூஜ்யமும் வட்டம். எழுதப் பழகும்போதே உருண்டை உருண்டையாகப் போட்டுத் தேறிவிடுகிறார்கள். சதுரம் போடச் சொன்னால்தான் மூலைகள் இட்லிபோல் உப்பிவிடுகின்றன. அட்டையில் வெட்டிய சதுரத்தைக் காட்டினால் "சதுரம்" என்கிறார்கள். அதையே முனையில் நிற்கவைத்தால் "இது வேறு, இது பட்டம்" என்கிறார்கள். 1950களில் வான் ஹீல் என்ற டச்சு ஆசிரியத் தம்பதி இதை எழுதியிருக்கிறார்கள்: குழந்தை முதலில் வடிவத்தை முகம் பார்த்து அடையாளம் காண்கிறது, பக்கத்தையும் மூலையையும் எண்ணிப் பார்ப்பது பிறகுதான் வருகிறது. ஆகவே அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்து மெதுவாகத் திருப்பச் சொன்னேன். "எந்த நொடியில் சதுரம் பட்டமாக மாறியது, சொல்லுங்கள்." திருப்பினார்கள், திரும்பத் திருப்பினார்கள். எந்த நொடி என்று சொல்ல முடியாமல் ஒருவன் எரிச்சலாகி அட்டையை என் மடியில் போட்டான்.

திசைகளுக்கு நான் மெனக்கெட வேண்டியதே இல்லை. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குத் தான் பிறந்த கிழமை தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு கிழமைக்கும் பகோடாவில், அதாவது புத்தர் கோயிலில், ஒரு திசை, ஒரு விலங்கு. திங்கள் கிழக்கு, புலி. செவ்வாய் தென்கிழக்கு, சிங்கம். வியாழன் மேற்கு, எலி. கிழமை ஏழு, திசை எட்டு, எப்படிச் சரிக்கட்டினார்கள்? புதன்கிழமையை இரண்டாக வெட்டிவிட்டார்கள்: காலைப் புதன் தெற்கு, தந்தமுள்ள யானை, மாலைப் புதன் ராகு, வடமேற்கு, தந்தமில்லாத யானை. நான் பிள்ளைகளை அவரவர் கிழமைக்கு ஏற்ப மண்டபத்தின் எட்டுப் பக்கத்திலும் நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமைப் பையன் போய் நின்ற இடம் மடப்பள்ளிக் கதவு. "அங்கே ஏன் அடுப்பு இருக்கிறது தெரியுமா? பாட்டி அதை அக்கினி மூலை என்பாள்" என்றேன். ராகுப் பெண் நின்றது வாயு மூலை. ஞாயிறு ஈசானிய மூலை, சனி கன்னி மூலை. தமிழில் வடகிழக்கு, தென்மேற்கு என்று வாயில் நுழையாமல் தவித்தவர்கள் அன்று மதியத்துக்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் சூலே பகோடாவுக்கு நடத்திப் போனோம். அதன் எட்டுப் பட்டை அடியிலிருந்து மேலே போகப் போகவும் மாறாமல் எட்டாகவே போகிறது. அண்ணாந்து எண்ணிக் கழுத்து வலித்தது. சுற்றியுள்ள பழைய நகரம் கட்டம் போட்ட காகிதம் மாதிரி. பல தெருக்களுக்குப் பெயருக்குப் பதில் எண். "நாலு கட்டம் கிழக்கே, ஒரு கட்டம் வடக்கே" என்று வழி சொல்லும் விளையாட்டுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. இடது வலதில் மட்டும் குழப்பம் தீராது. 1970இல் ஒரு டிசம்பர் நாளில் வண்டிகளையெல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். இன்றும் பல வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையும் வலப்பக்கம்தான். பஸ் எந்தப் பக்கம் வரும் என்று பெரியவர்களே இரண்டு பக்கமும் பார்க்கிறோம்.

இந்த நிலையில்தான் ஒரு தாயார் வந்து கேட்டார்: "ஐயா, கணக்கே போடுவதில்லையாமே? நோட்டில் ஒன்றும் காணோமே?" நியாயமான கேள்வி. பரப்பளவு, சுற்றளவு வாய்பாடாவது சொல்லிக்கொடுங்கள் என்றார். அவரையும் உட்காரச் சொன்னேன். மண்டபத் தரையில் ஒரு அடிக்கு ஒரு அடி பூக்கல் பதித்திருக்கிறது. பன்னிரண்டு அடிக் கயிற்றின் முனைகளை முடிந்து, நான்கு பிள்ளைகளை மூலைகளில் பிடிக்கச் செய்தேன். பக்கத்துக்கு மூன்று அடி வைத்தால் உள்ளே ஒன்பது கல். நான்குக்கு இரண்டு என்று இழுத்தால் எட்டு. ஐந்துக்கு ஒன்று, ஐந்தே கல். "கயிறு சுருங்கிவிட்டதா?" என்று கேட்டவர் அந்தத் தாயார்தான். ஒரு குறும்பன் கயிற்றை முழுக்க இழுத்து ஒட்டினான். ஆறு அடி நீளக் கோடு, உள்ளே ஒரு கல்கூட இல்லை. உடனே இரட்டைச்சடை எல்லோரையும் சுற்றிலும் நிறுத்தி வட்டமாகப் பிடிக்கவைத்தாள். முழுக்கல், அரைக்கல், துண்டுக்கல் எல்லாம் சேர்த்து எண்ணினோம். பதினொன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "அதனால்தான் எங்கள் ஊர்க் குதிர் வட்டமாக இருக்குமோ?" என்று அந்தத் தாயார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நோட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் மகளுக்கு வேறிடத்தில் டியூஷனும் சேர்த்துவிட்டார் என்று கேள்வி. நல்லதுதான். வாய்பாடும் வேண்டும்.

மே மாதக் கடைசி ஞாயிறு, வகுப்பு முடிகிற நாள். பத்து வீசைத் தேங்காய்ப் பையன் தானாகவே ஒரு தேங்காயோடு வந்தான். கையில் ஏந்தி, இரண்டு முறை ஆட்டி, சிலேட்டில் 42 சாத்தா என்று எழுதினான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிட்டங்கியிலிருந்து கேட்டு வாங்கி வந்த என் சின்னத் தராசில், இடத்தட்டில் தேங்காயை வைத்தேன். வலத்தட்டில் 43 சாத்தா கல் ஏறியதும் முள் நேராக நின்றது. கைதட்டினோம். ஒரு சாத்தாதான் பிசகு. அவனுக்குத் திருப்தி இல்லை. "தாத்தா, தட்டை மாற்றி வையுங்கள்" என்றான்.

"தராசு சரியாகத்தான் இருக்கிறது. வெறுந்தட்டில் முள் நேராக நிற்கிறது பார்."

"டப்பாவும் மேலே பார்த்தால் சரியாகத்தான் இருந்தது."

மாற்றி வைத்தேன். தேங்காய் வலத்தில், கற்கள் இடத்தில். 41 சாத்தாவில் நின்றது. கல்லை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். 41தான். தராசுத் தண்டின் இரண்டு கைகளும் சம நீளம் இல்லை. வெறுமையாக இருக்கும்போது காட்டிக்கொள்ளாது, சுமை ஏறினால்தான் தெரியும். அந்தத் தராசில் நான் எத்தனை வருடம் ஒரே தட்டில் சரக்கையும் மறு தட்டில் கல்லையும் வைத்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன். அதற்குள் அவன் 42ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தான், பர்மிய பூஜ்யம்போல அத்தனை உருண்டையாக.